ஓகஸ்ட் விடுமுறைக்கு நுவரெலியாவா, பண்டாரவளையா?

மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் வானைத் திருப்பினால் பதுளை வரை ஒரே வீதிதான். அதற்கப்புறம்தான் யோசனை: வெலிமடைப் பக்கம் ஏறி நுவரெலியாவா, இல்லை பண்டாரவளையா? போன ஓகஸ்டில் இரண்டு ஊரிலும் இரண்டிரண்டு இரவு தங்கிப் பார்த்தோம். இனி எனக்குப் பண்டாரவளைதான்.

நுவரெலியாவின் அழகைக் குறை சொல்ல வரவில்லை. ஆங்கிலேயர் தங்களுக்கென்று பார்த்துப் பார்த்து அமைத்த ஊர். 1873இல் உருவான கிரகறி வாவி, சிவப்புச் செங்கல் தபாலகம், கோல்ஃப் திடல், பூங்கா எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம். பண்டாரவளையில் காட்டுவதற்கு அப்படி எதுவும் இல்லை. கடைத்தெரு, பஸ் நெரிசல், மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். படம் எடுக்க நுவரெலியாதான், சரி.

ஆனால் அங்கே முதல் நாள் குளித்துவிட்டுப் போட்ட துவாய் மூன்றாம் நாளும் ஈரம். கட்டில் விரிப்பிலும் ஒரு சில்லிப்பு. அம்மாவுக்கு மூச்சு முட்டு. இரண்டு இரவும் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தே இருந்தா.

தென்மேல் பருவக்காற்று மலை ஏறும்போது ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்குத் தூறலும் பனிப்புகாரும். முகட்டைத் தாண்டி, பண்டாரவளை இருக்கும் ஊவாவுக்கு வரும்போது காற்று காய்ந்துவிடும். அதுவே இன்னும் கீழே இறங்கிச் சூடேறி, நம்மூரில் கச்சான் காற்றாக அடிக்கிறது. (கொறிக்கிற கச்சான் இல்லை.)

நானுஓயாவில் ரயில் ஏறியபோது மழை. பட்டிப்பொல தாண்டி, சுரங்கத்துக்குள் நுழைந்து, ஒஹியப் பக்கம் வெளியே வந்தால் வெயில்! அம்மா மப்ளரைக் கழற்றி மடியில் வைத்தா. பண்டாரவளையில் ஸ்டேசன் ஊருக்குள்ளேயே இருப்பதால் பெட்டி தூக்கவும் கஷ்டமில்லை. அன்றிரவு அம்மா படுத்துத் தூங்கினா.

இது ஓகஸ்ட் கணக்கு மட்டும். மார்கழியில் வாடைக்காற்று ஊவாவிலும் மழையைக் கொட்டும். சித்திரை சீசனில் நான் நுவரெலியா போனதில்லை. வாடகை எகிறும் என்று போனவர்கள் சொல்கிறார்கள்.

பண்டாரவளையிலும் ஒரு தொல்லை இருந்தது, காற்று. மாடிக் கொடியில் போட்ட அதே துவாயைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுக் கூரையில் போட்டுவிட்டது. அந்த வீட்டுப் பொடியன் கம்பால் தட்டி எடுத்துத் தந்தான். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.