வெள்ளையா, மஞ்சளா: இரு கரிசலாங்கண்ணிகளை இனங்காண்பதும் வளர்ப்பதும்

கரிசலாங்கண்ணி என்ற பெயரால் சூரியகாந்திக் குடும்பத்தின் இரண்டு செடிகள் வழங்கப்படுகின்றன. வெள்ளைப் பூவுடைய கையாந்தகரை எக்லிப்டா பேரினத்தையும், மஞ்சள் பூவுடைய பொற்றலைக் கையாந்தகரை ஸ்பாக்னெட்டிகோலா பேரினத்தையும் சேர்ந்தவை. ஆகவே ஒன்றை மற்றொன்றின் நிறவேறுபாடாகக் கருதுவது பிழை. பின்னது நெடுங்காலம் வெடேலியா என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்து 1996இல் இப்போதைய பெயருக்கு மாற்றப்பட்டதால், பழைய நூல்களில் அப்பெயரையே காணலாம்.

இவற்றுள் வெள்ளைக் கரிசலாங்கண்ணியை இனங்காண்பது எளிது. ஒரு சென்டிமீட்டர்கூட அகலமில்லாத அதன் பூந்தலையில், வெளிவட்டத்து இதழ்கள் கத்தரித்த நூல்போல மிகச் சிறியனவாக நெருங்கியிருக்கும். எதிரெதிரே அமைந்த ஒடுங்கிய இலைகளைத் தடவினால் சொரசொரப்பு தெரியும். தண்டு பெரும்பாலும் செம்மை படர்ந்திருக்கும். ஐயம் எழுந்தால் இளந்தண்டைக் கசக்கிச் சிறிது நேரம் பொறுத்துப் பாருங்கள்: சாறு காற்றுப் பட்டுக் கருமையாகும். இதனோடு பலர் குழப்பிக்கொள்ளும் வெட்டுக்காயப் பூண்டோ வறண்ட மண்ணிலும் வளரும். நீண்ட காம்பின் நுனியில் மஞ்சள் நடுவட்டத்தையும் அதைச் சுற்றி வெளிறிய சில அகன்ற இதழ்களையும் தாங்கி நிற்கும். அதன் விதை இறகு போன்ற முடிகளோடு காற்றில் பறக்கும். கரிசலாங்கண்ணியின் கரிய விதைக்கு அத்தகைய இறகில்லை.

மஞ்சளின் நிலை வேறு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு உலகெங்கும் பரவிய ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா என்னும் படர்செடி, அதே பேரினத்தைச் சேர்ந்ததாகவும் ஏறத்தாழ அதே பூவை உடையதாகவும் இருப்பதால், பலர் அதையே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பி நட்டு வளர்க்கிறார்கள். பூவைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முயல்வது வீண் என்பது என் உறுதியான கருத்து. இலையைத்தான் பார்க்க வேண்டும். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு ஒடுங்கியது. விளிம்பில் பற்கள் இராது, இருந்தாலும் சிலவே ஆழமின்றி இருக்கும். போலியின் இலை தடித்து, பளபளத்து, நடுவில் அகன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரு மடல்கள் பிரிந்து மூன்று முனையுள்ளதுபோல் தோன்றும். ஆனால் அதன் எல்லா இலைகளிலும் மடல் தெளிவாக இராது என்பதால், ஒரே இலையைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு கொடியின் பல இலைகளையும் பார்ப்பது நல்லது.

வளர்ப்பில் இரண்டும் ஈரத்தையும் வெயிலையும் விரும்பும். நீர் தேங்கும் மூலையிலும் வெள்ளை தாக்குப்பிடிக்கும். அது ஓராண்டுச் செடியாதலால் விதையால் தொடங்குவதே முறை. விதை முளைக்க வெளிச்சம் தேவை என்பதால், ஈரமண்ணின் மேல் தூவி மெல்ல அழுத்திவிட்டால் போதும். மண்ணால் மூடுவதே முளைக்காமைக்கு அடிக்கடி காரணமாகிறது. சில பூந்தலைகளை முற்ற விட்டால் உதிரும் விதையிலிருந்து அடுத்த தலைமுறை தானே எழும். மஞ்சள் பல்லாண்டு வாழும். தரையோடு படர்ந்து கணுதோறும் வேர்விடும். இரண்டு மூன்று கணுக்களுள்ள தண்டுத்துண்டை, கீழ்க்கணு மண்ணுக்குள் இருக்குமாறு நட்டு ஈரம் காயாமல் காத்தால் அது பிடித்துக்கொள்ளும். முதன்முறை வளர்ப்பவருக்கு நான் வெள்ளையையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அதில் ஆள்மாறாட்டத்துக்கு இடம் குறைவு. ஓர் ஈரக்கரையை ஆண்டு முழுவதும் பசுமையாக மூடவேண்டுமெனில் மஞ்சளே தகும்.

போலியை ஏற்கெனவே நட்டுவிட்டவர்கள் அதைக் கொடியோடும் வேரோடும் பிடுங்கி, முழுவதும் காயும்வரை மண் படாத இடத்தில் வைக்க வேண்டும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ள அச்செடி, விதையைவிடத் தண்டுத்துண்டுகளாலேயே பரவுகிறது. கணுவுள்ள ஒரு துண்டு வாய்க்காலில் விழுந்தாலும் அது ஒதுங்கும் கரையில் வேரூன்றிவிடும்.