‘1981-லிருந்து யாரும் தொடாத ஆம்புலன்ஸ்’ என்றான், 11,400 டாலர் போச்சு

வண்டிக்கு 8,900. சைரன், ஸ்ட்ரெச்சர் ‘செட்’டுக்கு 800. ஏற்றிவந்த டிரெய்லருக்கு 1,700. மொத்தம் 11,400 டாலர். வண்டி வந்து இறங்கி நான்கு நாள் ஆகிறது, ஆத்திரம் அடங்கவில்லை. அமெரிக்காவில் பழைய ஆம்புலன்ஸ், அமரர் ஊர்தி தேடி வாங்கும் நம்மவர்கள் சிலராவது இருக்கிறீர்கள். எனக்கு விற்ற அதே ஆளிடம் நீங்களும் மாட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆன்லைனில் பழைய கார்கள் விற்கும் ஒரு தளத்தில் வந்த விளம்பரம். 1966 காடிலாக், சுப்பீரியர் என்ற கோச் கம்பெனி கட்டிய பாடி, ஓஹையோவில் ஒரு பண்ணைக் கொட்டகைக்குள் 1981-லிருந்து அசையாமல் நிற்கிறது, ‘காம்பினேஷன் கார்’ என்று போட்டிருந்தான். அந்தச் சொல்லில்தான் விழுந்தேன். ஒரே வண்டி காலையில் சவ ஊர்வலத்துக்கும் மாலையில் விபத்துக்கும் போகும், அதுதான் காம்பினேஷன். தரைப் பலகையைப் புரட்டினால் ஒரு பக்கம் சவப்பெட்டி உருளும் ரோலர்கள், மறுபக்கம் ஸ்ட்ரெச்சருக்கான சமதரை. உதவியாளர் இருக்கை மடங்கும். கூரை விளக்கைக் கழற்றி ஓட்டைக்கு மூடி போட்டுவிடலாம். அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் 1966 அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை இறுதிச்சடங்கு நடத்தும் ஃப்யூனரல் ஹோம்கள்தான் நடத்துகின்றன என்றது. அந்தக் காலத்தின் சாட்சி இந்த வண்டி வகை. முழுசாகக் கிடைப்பது அபூர்வம்.

ஒரு வீடியோ அனுப்பினான். கொட்டகைக் கதவு கிரீச்சென்று திறக்கிறது, உள்ளே வைக்கோல், கூரையெல்லாம் புறா எச்சம், பானெட் மேல் விரல் கனத்துக்குத் தூசி. பிறகு பாடி தகட்டின் படம்: சுப்பீரியர், லைமா, ஓஹையோ. சரியான கம்பெனி, சரியான ஊர். அந்தத் தகட்டைப் பார்த்த நிமிடமே கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். “லேசாத் தள்ளினாலே உருளும் சார்” என்று அவன் சொன்னதையும் நல்ல சேதி என்றே எடுத்துக்கொண்டேன். மண் தரையில் நாற்பது வருஷத்துக்கு மேல் நின்ற வண்டியின் பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், வீல் சிலிண்டர் இறுகும். நாலு சக்கரமும் சுகமாக உருண்டால் யாரோ அண்மையில் கை வைத்திருக்கிறார்கள். அன்றே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, வங்கியிலிருந்து நேராக அவன் கணக்குக்கு வயர் டிரான்ஸ்ஃபர் போட்டேன்.

டிரெய்லரிலிருந்து இறங்கியதும் முதலில் டயரைப் பார்த்தேன். பக்கச்சுவரில் ‘DOT’ என்ற எழுத்துகளோடு வரும் தேதி எண் 2000-க்கு முன் மூன்று இலக்கம், அதற்குப் பிறகு நான்கு. இதில் 3214. அதாவது 2014-ன் 32-ஆவது வாரம் செய்த டயர், 1981-லிருந்து பூட்டிய கொட்டகைக்குள்!

அடுத்து தரை. லினோலியத்தின் ஓரத்தை நெம்பினேன். கீழே புரளும் பலகை எதுவும் இல்லை. பழைய தரையில் இரண்டு வரிசையாக வட்ட ஓட்டைகள், பட்டி அடைத்து மேலே சாம்பல் பெயின்ட். ரோலரும், சவப்பெட்டி நகராமல் பிடிக்கும் முளைகளும் இருந்த இடம். அதாவது இது காம்பினேஷனே இல்லை. பிறந்ததிலிருந்து அமரர் ஊர்தி மட்டும்தான். கூரை விளக்குக்கு இப்போதுதான் துளை போட்டிருக்கிறார்கள், தகட்டின் வெட்டுவாய் இன்னும் பளபளக்கிறது. உள்கூரைத் துணிக்கு மேல் ஒயரே போகவில்லை, கதவு ரப்பர் இடுக்கு வழியாக இழுத்துவிட்டிருக்கிறான். 800 டாலர் சைரன் வெறும் கூடு. உள்ளே மோட்டார் இல்லை. பின்சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழும் காந்தம் ஒட்டவில்லை, தகட்டுக்குப் பதில் கைப்பிடி கனத்துக்குப் பட்டி. இடது பின்பக்கக் கண்ணாடி விரிசல், அந்தப் பக்கத்தை மட்டும் வீடியோவில் காட்டவே இல்லை. காடிலாக் கொடுத்தது சேஸிஸும் என்ஜினும் முன்மூக்கும்தான். அந்த 429 கன அங்குல என்ஜினுக்கு இன்றைக்கும் சாமான் கிடைக்கும். முன் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கோச் கம்பெனியின் கைவேலை. விரிசல் விட்ட அந்தப் பின்பக்கக் கண்ணாடி கடையில் கிடைக்காது, இன்னொரு செத்த வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலைச் சரிபார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. அந்த ஆண்டுகளில் காடிலாக் வண்டி எண்ணின் முதல் எழுத்து பாடி வகையைச் சொல்லும். கமர்ஷியல் சேஸிஸுக்கு ‘இஸட்’. சேஸிஸைத் துடைத்துப் பார்த்தால் இஸட்-6 என்றுதான் தொடங்குகிறது. டைட்டிலில் பி-6. அது ஒரு சாதாரண செடான் டிவில். வேறு காரின் காகிதத்தை இந்த வண்டியோடு கொடுத்துவிட்டான். இந்தக் காகிதத்தை வைத்து என் பெயரில் பதியவே முடியாது. 11,400 டாலருக்கு, சாலையில் ஏறவே முடியாத 21 அடி இரும்பு.

அவனுக்குப் போன் போட்டேன். முதல் நாள் “அறுபது வருஷ வண்டிக்கு இதெல்லாம் சகஜம்” என்றான். இரண்டாம் நாள் “உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினீர்கள்?” என்றான். மூன்றாம் நாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். தளத்துக்கு 14 படங்களோடு எழுதினேன். ‘உங்கள் சிரமம் புரிகிறது’ என்று ஒரு பதில். ‘வாகனங்கள் எங்கள் பாதுகாப்புத் திட்டத்தில் சேராது’ என்று இன்னொன்று. மூன்றாவதில் புகாரை மூடிவிட்டதாகச் சேதி. டயர் எண்ணைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. வங்கியோ, நீங்களாக அனுப்பிய வயரைத் திருப்ப வழியில்லை என்று கையை விரித்துவிட்டது.

பெரிய ஏலங்களிலும் அடையாளத் தகராறு வந்திருக்கிறது. கென்னடியின் உடலைச் சுமந்தது என்று சொல்லி 2011 ஜனவரியில் ஒரு 1963 பான்டியாக் ஆம்புலன்ஸ் அரிசோனாவில் 1,20,000 டாலருக்கு ஏலம் போனது. அசல் வண்டி 1986-லேயே நசுக்கப்பட்டுவிட்டது என்று அப்போதே ஆட்சேபம் கிளம்பியது. வண்டி எண்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். வாய்க்கதைக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாக இவ்வளவு மட்டும். சேஸிஸ் எண்ணையும் டைட்டிலையும் ஒரே படத்தில் கேளுங்கள். 1968-க்கு முந்தைய காடிலாக்கில் முன்கண்ணாடிக்குக் கீழே எண்ணைத் தேடாதீர்கள், சேஸிஸிலும் என்ஜின் பிளாக்கிலும்தான் அடித்திருக்கும். நாலு டயர் எண்ணையும் கேளுங்கள். தரை விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். நேரில் போனால் காந்தம், டார்ச், முகக்கவசம். எலிப் புழுக்கையைப் பெருக்காதீர்கள், நனைத்துத் துடையுங்கள், ஹான்டா வைரஸ் ஆபத்து உண்டு. வயர் டிரான்ஸ்ஃபர் வேண்டவே வேண்டாம்.

இன்று காலை அதே தளத்தில் புது விளம்பரம். வேறு பெயர், 1964 ஃப்ளவர் கார் (சவ ஊர்வலத்தில் மலர்கள் ஏற்றிப்போகும் வண்டி), ‘தாத்தாவின் கொட்டகையில் கிடந்தது’. பின்னால் தெரியும் கதவைப் பாருங்கள்: மேல் கீல் உடைந்து நீல நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறது. என் வீடியோவில் கிரீச்சிட்ட அதே கதவு. 9,500 டாலர் கேட்கிறான். முன்பணம் அனுப்பிவிட்டவர் யாராவது இருந்தால் இந்த நிமிடமே வங்கியைக் கூப்பிடுங்கள்.