கடைவாய்ப் பல் எடுக்க மயக்கம்: வாயுவா, மாத்திரையா, நரம்பு ஊசியா?

வலியைத் தடுப்பது ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசி. மயக்கம் கொடுப்பது பயத்தைக் குறைக்கத்தான். அதை வாங்கினாலும் ஈறு ஊசி உண்டு. சாதாரணமாக ஒரு பல் எடுக்க அந்த ஊசியே போதும். நாற்காலியில் உட்கார்ந்ததுமே கை நடுங்குகிறவர்களுக்கும், எலும்புக்குள் புதைந்த ஞானப்பல்லுக்கும்தான் மற்றதெல்லாம்.

என் ஓட்டு பெரும்பாலும் வாயுவுக்கு. நைட்ரஸ் ஆக்சைடையும் ஆக்சிஜனையும் கலந்து மூக்கில் மாட்டும் சின்ன மாஸ்க் வழியாகத் தருவார்கள். சில நிமிடங்களில் உடம்பு லேசாகிவிடும்; ஆனாலும் "வாயைத் திறங்க" என்றால் திறப்பீர்கள். முடிந்ததும் 5 நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். உசிலம்பட்டியிலிருந்து தனியாக வந்தவர்கூட, டாக்டர் பார்த்துச் சரி என்றால், மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிவிடலாம். சளியில் மூக்கடைத்திருந்தால் வேலைக்காகாது. கர்ப்பத்தின் முதல் 3 மாதம் தவிர்ப்பார்கள்.

மதுரையில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் இங்கே தொடங்கியது. கண் ஆபரேஷனுக்கென்றே பல ஊர்க்காரர்கள் வருகிறார்கள். விழித்திரை ஆபரேஷனில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். அது கரையச் சில வாரங்கள் ஆகும், சில வகைக்கு 2 மாதம்கூட. அதற்குள் நைட்ரஸ் ஆக்சைடை இழுத்தால் குமிழி விரிந்து, கண்ணில் அழுத்தம் கூடி, பார்வையே போகலாம். பல்லுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று பல் டாக்டரிடம் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

மாத்திரைக்குச் செலவு குறைவு, எனக்கு நம்பிக்கையும் குறைவு. வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். உள்ளே போனபின் அளவைத் திருத்த முடியாது.

சிக்கலான ஞானப்பல் என்றால் நரம்பு ஊசி, அதாவது கை ரத்தக்குழாயில் ஏற்றும் மயக்க ஊசிதான் சரி. மிடாசோலம் என்ற மயக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆளைப் பார்த்து ஏற்றலாம். நடந்தது பலருக்கு நினைவிருக்காது. கூடிப்போனால் முறிக்க ஃபுளூமாசெனில் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் மூச்சு மந்தமாகலாம். அதனால் பல்லை எடுப்பவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்வார் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்கெனப் பயிற்சி பெற்ற ஓர் ஆள், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர், பக்கத்தில் ஆக்சிஜன், மூன்றையும் கேளுங்கள். தூக்கத்தில் பெரிதாகக் குறட்டை விடுபவர் அதையும் சொல்லிவிட வேண்டும்.

பொதுவாகச் சாப்பாட்டை 6 மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் அன்று காலை அளவு என்ன என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வழக்கம்போல எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். அப்புறம், மாத்திரையோ நரம்பு ஊசியோ, வீட்டுக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் கட்டாயம். 24 மணி நேரம் டூவீலரைத் தொடக்கூடாது, பத்திர ஆபீஸ் கையெழுத்தும் வேண்டாம்.