உயிலா, செட்டில்மெண்டா, பாகப்பிரிவினையா?

மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரத்தை அத்தை ஒரு மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஆறு பக்கம். "இதுல நான் இருக்கலாம்னு எங்கயாவது எழுதியிருக்கா, பாருய்யா" என்றார். மூன்று முறை படித்தேன். ‘உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று இருந்தது. ‘இன்றே சொத்தை உன் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்’ என்று இருந்தது. ‘இதை ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை’ என்றும் இருந்தது. ஆயுள் முழுக்க அவர் அந்த வீட்டில் இருக்கலாம் என்ற வரி மட்டும் இல்லை. மகன் கெட்டவன் அல்ல. தொழிலுக்காக வீட்டை அடமானம் வைத்தான், தவணை நின்றுபோனது, கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

அதிலிருந்து, யாராவது பிள்ளைகளுக்குச் சொத்து எழுதப் போகிறேன் என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பத்திரம் பதிந்த மறுநாள் உங்கள் நிலைமை என்ன?

உயில் எழுதினால் மறுநாள் எதுவும் மாறாது. வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும். விற்கலாம், அடமானம் வைக்கலாம், மனம் மாறினால் உயிலையே மாற்றி எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது. பதிந்த உயில் வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை நீங்களோ உங்கள் முகவரோ தவிர வேறு யாரும் நகல் வாங்கவும் முடியாது. வீட்டில் சலசலப்பு வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

உயிலின் பலவீனம் நீங்கள் போன பிறகுதான் தெரியும். "அப்பாவுக்கு அப்போ நினைவே சரியில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் போதும், வழக்கு தொடங்கிவிடும். இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வழக்கு என்று வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். எழுபது வயதுக்காரர் தன் வயது நண்பர்கள் இருவரைச் சாட்சியாகப் போடுகிறார். உயில் பேச வேண்டிய நாளில் மூவருமே இருப்பதில்லை. உங்களைவிட இருபது வயதாவது இளையவராகப் பாருங்கள். சொத்து யாருக்குப் போகிறதோ அவரையும் அவர் வீட்டாரையும் சாட்சியாகப் போடாதீர்கள். அன்றைய தேதியில் ஒரு டாக்டர் சான்றிதழும் வாங்கி வைத்துவிட்டால் பாதி வாயை அடைத்துவிடலாம்.

செட்டில்மெண்ட், அதாவது பணம் வாங்காமல் குடும்பத்தாருக்கு இப்போதே எழுதிக் கொடுப்பது, இதற்கு நேர்மாறு. பதிந்து, பெற்றவர் ஏற்றுக்கொண்டால் சொத்து அன்றே அவருடையது. பிறகு நீங்கள் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் உயர்த்தியதற்குப் பிறகு அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். அரசு கணக்கில் அறுபது லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள வீட்டுக்கும் ஐம்பதாயிரத்தோடு முடிந்துவிடும். பின்னால் உயிலை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி மோதுவதைவிட இது சுத்தமானது என்று பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. செட்டில்மெண்டை எதிர்த்துப் பின்னால் வழக்குப் போடுவது அவ்வளவு சுலபமில்லை.

ஆனால் விலை கொடுப்பது பெற்றோர். 2007இல் வந்த மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை கவனிக்காமல் விட்டால், பத்திரத்தைச் செல்லாததாக்க வழி தருகிறது. இங்கே கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். அந்த நிபந்தனை இருந்தது என்று நிரூபிக்க வேண்டும் என 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இந்தச் சட்டத்தை முதியவர்கள் பக்கம் நின்று தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றது. எந்தத் தீர்ப்பு நமக்குப் பொருந்தும் என்று எழுபத்தைந்து வயதில் ஏன் அலைய வேண்டும்? எழுதும்போதே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: என் ஆயுள்வரையும் என் துணையின் ஆயுள்வரையும் இந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கி அனுபவிக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு, எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இதை எழுதுகிறேன். பத்திரம் எழுதுபவர் "அதெல்லாம் வழக்கமில்லீங்க" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்து என்றால் கதையே வேறு. அங்கே அப்பா தன் பங்கைத்தான் எழுத முடியும், முழுசையும் அல்ல. எல்லோரும் உட்கார்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் போடுவதுதான் முறை. ‘எல்லோரும்’ என்றால் மகள்களும்தான். தமிழ்நாடு 1989இலேயே, அதுவரை கல்யாணமாகாத மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது. 2005 மத்திய சட்டம் கல்யாணம் என்ற தடையை எடுத்தது. அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. "அவளுக்குத்தான் நகை போட்டாச்சே" என்பது சட்டத்தில் எடுபடாது. அக்கா உண்மையாகவே வேண்டாம் என்றால் விவரம் முழுக்கச் சொல்லி, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அவர் மனதாரப் பதிந்து கொடுக்கட்டும். வெற்றுத்தாளில் வாங்கும் கையெழுத்து ஒரு நாள் கோர்ட்டில்தான் போய் நிற்கும்.

எதுவும் எழுதாமல் விடுவதும் ஒரு தேர்வுதான். பலர் அதைத்தான் செய்கிறார்கள். இந்து ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய அம்மாவுக்கும் சமபங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போதுதான் பாட்டியின் நினைப்பே வரும். நாமினி போட்டிருக்கிறேனே என்பார்கள். நாமினி பொதுவாகப் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், சொந்தக்காரர் இல்லை. இன்சூரன்ஸ் விஷயத்தில் அந்தக் காலத்துச் சட்டப்படி 1983லும், பங்குகள் விஷயத்தில் 2023லும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது.

என் தேர்வைக் கேட்டால், இருப்பது ஒரே வீடு, அதில்தான் நீங்கள் குடியிருக்கிறீர்கள் என்றால் உயில். பிள்ளைகளுக்குள் இப்போதே முட்டல் இருந்தால், ஆயுள் உரிமையோடு செட்டில்மெண்ட். பூர்வீகம் கலந்திருந்தால் முதலில் பாகம் பிரித்துவிட்டு, பிறகு அவரவர் பங்குக்கு உயில்.

எங்கள் வீட்டில் அப்பா உயில்தான் எழுதினார். எழுதும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையை ஸ்பீக்கரில் போட்டு முழுதும் படித்துக் காட்டினார். மாடி யாருக்கு என்பதில் அவளுக்கும் எனக்கும் வருத்தம் வந்தது, அரை மணி நேரம் பேசினோம், இரண்டு வரி மாறியது. அம்மாவின் ஆயுள்வரை வீடு அம்மாவுக்கு, அப்புறம்தான் எங்களுக்கு. சாட்சிக்கு எதிர்வீட்டுப் பையனும் அவன் மனைவியும் வந்தார்கள், இருவருக்கும் முப்பதுகளில் வயது. பதிந்த உயில் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தங்கைக்கும் தெரியும்.