துண்டு போட்ட டிவி: பகல் நேரப் பாட்டுக்கு எந்தக் கட்டுப்பாடு செல்லும்?

கேரளாவில், ஆரியங்காவில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ஓண லீவில் போயிருந்தேன். ஹாலில் டிவி ஓடுகிறது, பாட்டு கேட்கிறது, படம் மட்டும் இல்லை. திரை மேல் ஒரு தோர்த்துத் துண்டு தொங்குகிறது. கீழே பேரப்பிள்ளைகள் மூன்று பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். "பாட்டு நல்லாத்தான் இருக்கு மக்கா, ஆட்டத்தைத்தான் பாக்க முடியல. புள்ளைய இருக்குல்லா" என்றார் சித்தி.

செங்கோட்டை, புளியரைப் பக்கம் கேபிள் தொழிலில் எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேரள எல்லையான கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடுகளில் ஓடுவது அதே தமிழ்ப் பாட்டுச் சேனல்கள்தான். பகலில் வரும் கவர்ச்சிப் பாட்டுகளைப் பிள்ளைகளுக்காகக் கட்டுப்படுத்த வேண்டுமா என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும், அடங்கும். வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் எப்படி என்பதில் நாலு வழி சொல்கிறார்கள், நாலும் ஒன்றல்ல.

சேனல்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த பதில் பூட்டு. செட்டாப் பாக்ஸில் வசதி இருக்கிறதே, பெற்றோர் பூட்டிக்கொள்ளட்டும் என்பார்கள். இருக்கிறது, உண்மைதான். மெனுவுக்குள் போய் சேனலைத் தேர்ந்து நாலு இலக்க எண்ணைப் போட வேண்டும். அந்த எண் பல பெட்டிகளில் வரும்போதே 0000 அல்லது 1234 என்று இருக்கும், மாற்றுகிற வீடு அபூர்வம். சித்திக்கு அன்றைக்கே வேறு எண் போட்டுப் பூட்டிக் கொடுத்தேன். "மறந்துபோவும், அந்தக் காலண்டர் அட்டையில எழுதிட்டுப் போ" என்றார். எழுதினேன். கடைசிப் பேரன் என் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாக வாசித்தான், மலையாளத்தில். அதைவிடப் பெரிய சிக்கல், பூட்டு சேனலைத்தான் பூட்டும், பாட்டை அல்ல. ராத்திரி சித்தி கேட்கிற பழைய பாட்டும் அதே சேனலில்தான் வருகிறது. அடுத்த முறை நான் போனபோது பூட்டு திறந்திருந்தது, துண்டு திரும்ப ஏறியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சீரியலை உட்கார்ந்து பார்ப்பார்கள். பாட்டுச் சேனலை அப்படிப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்து ரேடியோ மாதிரி அது பாட்டுக்கு ஓடும், பெரியவர்கள் அடுப்படியில் இருப்பார்கள். திரைக்கு முன்னால் மிஞ்சுவது பிள்ளைதான். அதனால் யாராவது ஒருவர் முழித்துக்கொண்டு காவல் இருந்தால்தான் நடக்கும் என்கிற எந்த ஏற்பாடும் பாட்டுச் சேனலிடம் தோற்றுப்போகும்.

அடுத்தது சான்றிதழ். 2006இல் கேபிள் விதியைத் திருத்தினார்கள். மும்பை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கின் தொடர்ச்சி அது. படமோ, படப் பாட்டோ, டிரெய்லரோ, இசை ஆல்பமோ, எல்லோரும் பார்க்கத் தகுந்தது என்று தணிக்கை வாரியம் சான்று தராமல் கேபிளில் போகக் கூடாது என்று ஆனது. கேட்க உறுதியாக இருக்கிறது. ஆனால் சினிமாச் சட்டத்தில் 'யு/ஏ'வும் அந்த வகைக்குள்தான் வருகிறது, பெற்றோர் பார்த்து முடிவெடுக்கட்டும் என்ற எச்சரிக்கையோடு. தியேட்டரில் அந்த எச்சரிக்கைக்கு அர்த்தம் உண்டு. டிக்கெட் எடுக்கும் முன்னால் அப்பா யோசிக்கலாம். இரண்டரை மணி நேரக் கதையில் ஐந்து நிமிஷம் வருகிற குத்தாட்டம் அந்த அளவில்தான் எடைபோடப்படுகிறது. அதே ஐந்து நிமிஷத்தைக் கதையிலிருந்து பிய்த்து, அதே மாதிரி இன்னும் நாலு பாட்டோடு சேர்த்து, சாயங்காலம் நாலரைக்கு ஒரே மூச்சில் ஓட்டினால் அது வேறு சரக்கு. சான்றிதழுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது.

புகார் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2021 விதிப்படி முதலில் சேனலுக்கு எழுத வேண்டும், 24 மணி நேரத்தில் கிடைத்தது என்று ஒப்புகை, 15 நாளில் பதில். திருப்தி இல்லையென்றால் சேனல்களின் சுய ஒழுங்கு அமைப்பு, அதற்கும் மேலே அரசின் குழு. பாட்டு ஐந்து நிமிஷம், பதில் பதினைந்து நாள். மத்திய அரசு நேரடியாகக் கை வைத்த கதையும் உண்டு. 2007இல் ஏஎக்ஸ்என், எஃப்டிவி என்ற இரண்டு வெளிநாட்டுச் சேனல்களையும் தலா இரண்டு மாதம் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார்கள். எங்கள் லைனில் அந்தச் சேனல்களைத் தேடியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தமிழ்க் குத்துப்பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சரி, நேரக் கட்டுப்பாடு. பிரிட்டனில் காலை 5.30 முதல் ராத்திரி 9 வரை பிள்ளைகளுக்கு ஒவ்வாததை டிவியில் போடக் கூடாது. பிள்ளைகள் மேல் திணிக்கப்படும் கவர்ச்சியைப் பற்றி 2011இல் பெய்லி அறிக்கை வந்த பிறகு, இது பாட்டு வீடியோவுக்கும் சேர்த்துத்தான் என்று அங்கே தெளிவாக வழிகாட்டினார்கள். நம்மிடமும் விதை இருக்கிறது. பிள்ளைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாததைக் காட்டாதே என்று 1994ஆம் வருஷத்துக் கேபிள் விதியிலேயே ஒரு வரி உண்டு. எத்தனை மணி என்றுதான் அந்த வரி சொல்லவில்லை. சேனல்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாட்டில் பெரியவர்களுக்கான நேரம் ராத்திரி 11 முதல் காலை 5 வரை. அதற்குள் தள்ள வேண்டிய பாட்டு எது என்பதில்தான் எல்லோரும் நழுவுகிறார்கள். இத்தனைக்கும் 2017 டிசம்பரில் ஆணுறை விளம்பரங்களை ராத்திரி 10 முதல் காலை 6க்குள் அடக்கச் சொன்னது மத்திய அரசு (கவர்ச்சியைக் காட்டி விற்கிறவற்றுக்குத்தான் என்று அப்புறம் விளக்கமும் தந்தது). விளம்பரத்துக்கு மணி பார்க்க முடிந்தால் பாட்டுக்கும் முடியும்.

நேரத்தைப் பள்ளிக்கூட மணியை வைத்து, சாயங்காலம் நாலு முதல் எட்டு என்று வைக்கலாமே என்பார்கள். எல்லையில் இருப்பவனுக்கு அதில் உள்ள ஓட்டை உடனே தெரியும். ஓணத்துக்குக் கேரளாவில் பத்து நாள் லீவு, இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் நடக்கிறது. இங்கே காலாண்டு லீவு என்றால் அங்கே வகுப்பு. சாட்டிலைட் ஒன்று, பள்ளிக்கூடக் காலண்டர் இரண்டு. காலை பதினோரு மணிக்குப் பிள்ளை இல்லை என்று நினைத்துப் போடும் பாட்டு சித்தி வீட்டு ஹாலில் மூன்று பிள்ளைகளுக்கு முன்னால் ஓடும். பிரிட்டன்காரர்கள் மாதிரி பகல் முழுக்க என்று வைப்பதுதான் சரி.

போனில் எல்லாம் கிடைக்கிறதே என்ற கேள்வி வராமல் இருக்காது. கிடைக்கிறது. போனில் பிள்ளை தேடிப் போகிறது, அது வேறு சண்டை. டிவியில் அதுவே வீடு தேடி வருகிறது, மாதச் சந்தாவும் வாங்கிக்கொண்டு.

நேரக் கட்டுப்பாட்டின் பலவீனம் ஒன்றுதான்: எது கவர்ச்சி என்று யார் கோடு கிழிப்பது? காதல் பாட்டையும் மழைப் பாட்டையும் சேர்த்து ராத்திரிக்குத் தள்ளினால் கேலிக்கூத்தாகிவிடும். உடையின் அளவை நான் பார்க்க மாட்டேன். ஆடுகிறவரின் முகத்தை விட்டுவிட்டு கேமரா எங்கே போய் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பேன். எடிட்டிங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாதது அல்ல. புகை பிடித்தால் எச்சரிக்கை போடுகிறார்கள், கெட்ட வார்த்தைக்குச் சத்தத்தை அமுக்குகிறார்கள், மதுப் புட்டியின் லேபிளை மறைக்கிறார்கள். கை பழகிய வேலைதான்.

அரசும் ஒருமுறை இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தது. டான்ஸ் போட்டி நிகழ்ச்சிகளில் சினிமாவில் பெரியவர்கள் ஆடுகிற அசைவுகளைச் சின்னப் பிள்ளைகளை ஆட விடாதீர்கள் என்று 2019 ஜூனில் சேனல்களுக்கு அறிவுரை அனுப்பினார்கள். நல்ல அறிவுரை. ஆனால் அந்தப் பிள்ளை மேடையில் ஆடக் கூடாத ஆட்டம், பகலில் அசல் வீடியோவாகவே வந்துகொண்டிருக்கிறது. சித்தியின் நடுப் பேத்திக்கு இரண்டாம் வகுப்பு. துண்டுக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்ததும் கேரம் பலகையை விட்டு எழுந்து, ஒரு அசைவு விடாமல் ஆடிக் காட்டினாள்.