மார்பகப் புற்றுநோய் ஆதரவுக் குழு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

திருமங்கலத்தில் என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, போன வாரம் மதிய உணவு டப்பாவைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தாள். தன் தம்பி மனைவிக்கு இருபத்தொன்பது வயதில் இடது மார்பில் புற்று என்று அறிக்கை வந்துவிட்டதைச் சொன்னாள். பிறகு, "நீங்க இருக்கிற அந்தக் குழுவுல அவளையும் சேர்த்துவிடலாமாக்கா?" என்று கேட்டாள். ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்விதான். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் மழுப்பியதை அவள் தயக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். உண்மையில் அது தயக்கம் அல்ல, மூன்று ஆண்டுகளாக உள்ளே கிடக்கும் ஒரு கோபம். அதைத் தனியே பிரித்து வைத்துவிட்டு நேர்மையாகப் பதில் சொல்ல முடியுமா என்று பார்க்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

வாட்ஸ்அப் குழு எப்படி நடக்கும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் குழுவில் மதுரை, மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறோம். எல்லோருமே இந்த நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், அல்லது எடுத்துக்கொண்டிருப்பவர்கள். பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்பதால், நாற்பதுக்குக் கீழ் உள்ள நாங்கள் பதினொரு பேர் தனியாக ஒரு கிளைக் குழு வைத்துக்கொண்டோம். நான் சேர்ந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. வலது மார்பை முழுவதுமாக எடுத்திருந்தார்கள், மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

முதலில் குழு தந்த நன்மைகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை எந்தச் சீட்டிலும் எழுதித் தரப்படாதவை. அறுவைக்குப் பிறகு மார்பை எடுத்த இடத்தில் கசியும் நீரை வெளியேற்ற ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு புட்டியும் வைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். தினமும் எத்தனை மில்லி சேர்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். நாளொன்றுக்கு முப்பது மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலும் அதை எடுப்பார்கள். ஆனால் அந்தப் புட்டியைச் சுமந்துகொண்டு எப்படி நடமாடுவது, கழிப்பறையில் எங்கே மாட்டுவது என்பதை மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை. குழுவில் ஓர் அக்கா, கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சப்பையின் காதுகளைச் சேலைக் கரையால் நீட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதற்குள் புட்டியை நிறுத்தி எடுத்த படத்தை அனுப்பினார். அடுத்த பதினொரு நாட்களும் தேங்காய்ப்பை என் கழுத்தில் தொங்கியது. மணமக்கள் பெயர் அச்சிட்ட பக்கம் வெளியே தெரிந்ததால், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன் என்று கேட்டார்கள்.

கீமோவின் முதல் பாதியில் ஏற்றும் டாக்சோருபிசினை எங்கள் குழுவில் சிவப்பு மருந்து என்றுதான் சொல்வோம். அன்று இரவு சிறுநீர் சிவந்து போகும், அது இரத்தம் அல்ல, மருந்தின் நிறம், மறுநாள் சரியாகிவிடும் என்று முன்கூட்டியே ஒருத்தி சொல்லி வைத்திருந்ததால், நள்ளிரவில் என் கணவரை எழுப்பி ஆட்டோ பிடிக்கச் சொல்லாமல் தப்பித்தேன். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் முடி கொத்தாக வரும் என்பதும், வருவதற்கு முன்பே நாமாக வெட்டிக்கொண்டால் குளியலறை வடிகாலைப் பார்த்து அழ வேண்டியிருக்காது என்பதும், வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடா உப்பும் கரைத்துக் கொப்பளிக்கலாம் என்பதும் குழுவில் கற்றதுதான். காய்ச்சல் நூறு புள்ளி நான்கைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதை அங்கே சண்டை போட்டாவது சொல்லிவிடுவார்கள், கீமோ காலத்தில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது அந்தக் காய்ச்சல் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால். முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் எல்லாம் கரைந்துவிடும் என்று மாதம் ஒருமுறை யாராவது அனுப்புவார்கள். அதற்குப் பதில் எழுதுவதை நான் இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டேன்.

நான் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டென்றால் அது ரவிக்கை விஷயம். மார்பு இருந்த இடத்தில் வைத்துக்கொள்ளும் சிலிகான் வடிவம் ஒன்றைப் பல ஆயிரம் கொடுத்து வாங்கினேன். எடையும் அசைவும் உண்மையைப் போலவே இருந்தன. ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் அதைப் போட்டுக்கொண்டு பெரியார் நிலையத்திலிருந்து நகரப் பேருந்தில் நின்றபடி வந்தவளுக்குத்தான் அதன் அடியில் ஓடும் வியர்வை தெரியும், அதுவும் கதிர்வீச்சு வாங்கிய தோல் எப்படி எரியும் என்பதும் தெரியும். கிளைக் குழுவில் மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், என்னைவிட இரண்டு வயது இளையவள், தையல் தெரிந்தவள். பழைய பருத்திச் சேலையில் கிண்ணம்போல் ஒரு பை தைத்து, அதில் இலவம்பஞ்சை அடைத்துக் கொடுத்தாள். லேசாக இருந்தது, குளிர்ச்சியாக இருந்தது, ஆனால் கையைத் தூக்கினால் தோள்வரை ஏறி வந்துவிட்டது. எடை வேண்டும் என்று அடியில் ஒரு பிடி கடுகு போட்டோம். அதை நான் துவைத்து, சரியாகக் காயாமல் மடித்து வைத்துவிட்டேன், நான்காம் நாள் எடுத்துப் பார்த்தால் கடுகு முளை விட்டிருந்தது. அந்தப் படத்தை அனுப்பியபோது பதினொரு பேரும் சிரித்த சிரிப்பை, சிகிச்சை தொடங்கிய பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு என்றே சொல்லலாம். பிறகு கடுகுக்குப் பதில் கண்ணாடிப் பாசிமணி போட்டாள். ரவிக்கையின் உட்புறம் மல் துணியில் ஒரு பக்கம் மட்டும் திறந்த பையாகத் தைத்து, வடிவத்தை அதற்குள் நுழைக்கும்படி செய்தாள். முன்பு புது மண்டபத்தில் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்ட தையல்காரர் ஒருவரிடம் அந்த அளவைக் கொடுத்தால், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் தைத்துத் தருகிறார். இன்றும் நான் போடுவது அதைத்தான். சிலிகான் அதன் பெட்டியிலேயே இருக்கிறது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1952இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண், தன் மார்பை எடுத்த பிறகு உடற்பயிற்சி பற்றியும் உடை பற்றியும் கேட்க ஆளில்லாமல் தவித்து, தன்னைப் போல் அறுவை முடிந்து படுத்திருந்த பெண்களைத் தேடிப்போய்ப் பேசத் தொடங்கினார். கையைத் தூக்கிப் பழக ஒரு கயிறு, பிசைந்து பழக ஒரு பந்து, உள்ளாடைக்குள் வைக்க ஒரு தற்காலிக மார்பு ஆகியவற்றை எடுத்துச் சென்றாராம். அறுவை மருத்துவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அந்தப் பணியைத் தனதாக ஏற்றுக்கொண்டது. அவர் கூட்டம் கூட்டவில்லை என்பதையும், ஒரு கட்டிலுக்கு ஒருவராகப் போய் நின்றார் என்பதையும் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை முடித்தவர், இன்றும் நள்ளிரவு அழைப்பை எடுப்பவர். அவர் வைத்த விதிகளில் ஒன்று, இறப்புச் செய்தியைக் குழுவில் போடக் கூடாது என்பது. சேரும்போது அது எனக்கு நல்ல விதியாகவே பட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்பது, ரவிக்கை தைத்துக் கொடுத்த அந்தப் பெண் பேசாமல் போனபோதுதான் தெரிந்தது. அவளுக்கு எலும்புக்குப் பரவியிருந்தது எங்களுக்குத் தெரியும். குரல் பதிவுகள் குறைந்தன, பிறகு நின்றன. ஓய்வெடுக்கிறாள் என்று நினைத்து, நான் அவளுடைய எண்ணுக்குத் தனியாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தேன். கழுத்து ஏறிய ரவிக்கைக்குப் பையை எந்தப் பக்கம் திறப்பது என்று படம் வரைந்து அனுப்பிக் கேட்டேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய விடியலில் எடுத்த படத்தை அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் குறி நீலமானது. பார்க்கிறாள், பதில் எழுதத்தான் தெம்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றரை மாதம் கழித்து அழைத்தபோது எடுத்தது அவளுடைய எட்டு வயது மகன். அந்தக் கைபேசியில்தான் அவன் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான். "அம்மா செத்துப் போயிட்டாங்க அத்தை" என்று அவன் சொன்னது, ஏற்கெனவே பலருக்குச் சொல்லிப் பழகிய குரலில் இருந்தது.

குழுவை நடத்துபவருக்கு மூன்றாம் நாளே தெரியும், மாலை வாங்கிக்கொண்டு போயும் வந்திருக்கிறார். அவரிடம் நான் பேசிய விதம் சரியில்லைதான். எங்களைக் குழந்தைகள் என்று நினைத்தீர்களா என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தாமல் ஒன்றைச் சொன்னார். விதி வருவதற்கு முன்பு ஒரு இறப்புச் செய்தி குழுவில் வந்த வாரத்தில், இரண்டு பெண்கள் எப்படியும் சாகத்தானே போகிறோம் என்று அடுத்த கீமோவுக்குப் போகவில்லையாம். அவர்களில் ஒருத்தியை வீடு தேடிப்போய் அழைத்து வந்தாராம், இன்னொருத்தி வரவே இல்லையாம். அதற்குப் பதில் என்னிடம் இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்காக ஒரு பூ வாங்கக்கூட என்னை விடாத விதியை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஐம்பது வயதுக்காரர்களுக்கு நாங்கள் அதிகம் யோசிப்பதுபோலத் தோன்றலாம். இளம் வயதில் வரும் மார்பகப் புற்று பல நேரங்களில் வேகமானதாக இருக்கிறது, அதனால் எங்கள் பதினொரு பேரில் நடப்பது அவர்களுடைய நூற்றில் நடப்பதைவிட அடுத்தடுத்து நடக்கிறது. பதினொன்று இப்போது எட்டு. அந்த மூவரில் இருவரைப் பற்றி நானாகத் தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு குறையும் உண்டு. இளையவர்கள் கேட்க வேண்டியதைப் பெரிய குழுவில் யாரும் கேட்க விடுவதில்லை. கீமோ கருமுட்டைகளைப் பாதிக்கக்கூடும், அதனால் முதல் ஊசிக்கு முன்பே முட்டையையோ கருவையோ எடுத்து உறைநிலையில் வைக்கலாம், அதற்குச் சுமார் இரண்டு வாரம் ஆகும் என்பதை நான் அறிந்தபோது என் நான்காவது கீமோ முடிந்திருந்தது. மருத்துவர் அறையில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார், ஒரு பெண் குழந்தை இருக்கிறதே என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். கிளைக் குழுவில் மட்டும் இதை வெளிப்படையாகப் பேசுகிறோம். நோய் திரும்பாமலிருக்கப் பல ஆண்டுகள் எடுக்கும் ஹார்மோன் தடுப்பு மாத்திரையை இடையில் நிறுத்திவிட்டுக் குழந்தை பெறலாமா என்று ஒருத்தி கேட்டபோது, 2023இல் வெளியான, பாசிட்டிவ் என்று பெயரிட்ட ஆய்வைப் பற்றி இன்னொருத்தி தன் மருத்துவரிடம் கேட்டுவந்து தமிழில் சொன்னாள். 42 வயதுக்கு மேற்படாத 516 பெண்கள், ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுவரை மாத்திரை எடுத்த பிறகு, இரண்டு ஆண்டுவரை நிறுத்திப் பார்த்தார்கள், அந்தக் குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை, நீண்ட காலத்துக்கு இன்னும் கவனித்துவருகிறார்கள் என்று. அந்த மாத்திரைகளில் ஒன்றான டாமோக்சிபென் தரும் வெக்கை எது, மதுரை வெயில் தரும் வெக்கை எது என்று பிரித்தறிய முடியாத ஒரு மே மாத இரவில் அதைக் கேட்டு நான் வெகுநேரம் விழித்திருந்தேன்.

என் தீர்ப்பை இரண்டு நாட்களுக்கு முன் தோழியிடம் சொன்னேன். குழுவில் சேர்க்க வேண்டாம், என் எண்ணை அவளிடம் கொடு என்றேன். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது பொருந்தாது என்று தெரியும். மேலூர்க்காரியின் எண்ணை இன்னும் என் கைபேசியிலிருந்து நீக்காதவளிடம் வேறு தீர்ப்பு வராது.

நேற்று இரவு அந்தப் பெண்ணே அழைத்தாள். முடி எப்போது கொட்டும் என்று கேட்டாள், சொன்னேன். பிறகு சற்றும் தயங்காமல், உங்கள் குழுவில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று கேட்டாள். எங்கள் வயதில் மூன்று பேர் என்றேன். அவளுடைய பக்கத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "சரிக்கா. எனக்கு இன்னும் பிள்ளை இல்லை. அந்த முட்டை எடுத்து வைக்கிறது எப்படின்னு சொல்லுங்க" என்றாள். முதல் கீமோ எப்போது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமையாம். நாளைக்கே மருத்துவரிடம் போய், இரண்டு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று அவளே வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அழைப்பைத் துண்டித்த கையோடு கிளைக் குழுவைத் திறந்தேன். முட்டை எடுத்து வைத்தவர்கள் யார், எங்கே, எவ்வளவு செலவானது என்று எழுதினேன். மணி பத்தேகால். பத்தரைக்குள் நான்கு பதில்கள் வந்துவிட்டன, அதில் ஒன்று தொலைபேசி எண்ணோடு.