வாக்காளர் சேவைத் தளம்: பெயர் ஏறிவிடும், வார்டை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்

இந்தியத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளம் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கானது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்ற வேறொரு அமைப்பு. ஆனால் தமிழ்நாட்டில் சட்டமன்ற வாக்காளர் பட்டியலைத்தான் எடுத்துத் தெருவாரியாக வார்டுகளுக்குப் பிரிக்கிறார்கள். அதனால் கவுன்சிலருக்கோ ஊராட்சித் தலைவருக்கோ ஓட்டுப் போட நினைப்பவரும் முதலில் இந்தத் தளத்துக்கு வர வேண்டும், அல்லது பிஎல்ஓ எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் காகிதப் படிவம் கொடுக்க வேண்டும். உள்ளாட்சி வாக்காளருக்கு இந்தச் சேவை எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதே இங்கே கேள்வி.

புதிதாகச் சேர படிவம் 6. செல்பேசி எண், ஓடிபி கொடுத்து உள்ளே போய்விடலாம், கட்டணம் இல்லை. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருப்பதால் பதினெட்டு ஆனவர்கள் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதினேழு முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், பான் போன்றவற்றில் ஒன்று போதும். முகவரிக்கு ஆதார், நடப்பு பாஸ்புக், மின் அல்லது எரிவாயு ரசீது. வாடகை வீட்டுக்காரர்கள் சறுக்குவது இங்கேதான்: ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டது மட்டும் போதாது. புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், நேராகப் பார்த்தபடி, 4.5 x 3.5 செ.மீ. அளவில்.

பெயர்க் கட்டத்தில் அவசரம் வேண்டாம். ஆங்கிலத்தில் தட்டினால் பக்கத்துக் கட்டத்தில் தமிழ் தானாக விழும். ழ, ள, ற, ண உள்ள பெயர்களில் அதை நம்பவே கூடாது. எழிலரசி 'எலிலரசி' ஆனாலும் படிவம் ஏற்றுக்கொள்ளும். பட்டியலில் அப்படியே அச்சாகும். அந்தக் கட்டத்தில் கர்சரை வைத்து அழித்துவிட்டுத் தமிழில் தட்டுங்கள். தகப்பனார் அல்லது கணவர் பெயருக்கும் இதே கவனம் தேவை.

உள்ளாட்சிக்கு அதைவிட முக்கியம் முகவரி. சட்டமன்றத் தேர்தலில் தெருப்பெயர் கொஞ்சம் பிசகினாலும் தொகுதி மாறாது. வார்டு அப்படியல்ல. ஒரே சாலையின் இடப்பக்கம் ஒரு வார்டு, வலப்பக்கம் இன்னொரு வார்டு என்று இருக்கும் ஊர்கள் ஏராளம். பழைய கதவு எண்ணா புதியதா, முதல் குறுக்குத் தெருவா இரண்டாவதா என்பதை வைத்துத்தான் உங்கள் ஓட்டு எங்கே என்று முடிவாகிறது. சொத்து வரி ரசீதில் உள்ளபடி எழுதுவது நல்லது. அதே வீட்டில் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் விவரம் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அவருடைய வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் உங்களையும் பட்டியலின் அதே பாகத்தில், அதாவது அதே வாக்குச்சாவடிக்கான பகுதியில், சேர்ப்பது சுலபம். வீட்டில் நால்வருக்கு இரண்டு வாக்குச்சாவடி என்ற கூத்து பெரும்பாலும் இந்தக் கட்டத்தை விடுவதால் வருவது.

வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. 2022 முதல் வேறு தொகுதிக்குப் போனாலும் இதுதான். இன்னும் பலர் பழைய நினைப்பில் படிவம் 6 போடுகிறார்கள். பெயர் இரண்டு இடத்தில் ஏறிவிடுகிறது. புதிய வாக்காளர் என்று பொய் உறுதிமொழி கொடுத்ததாகக் கொண்டால் ஓராண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றம் அது. பிழைதிருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று எல்லாமே படிவம் 8-க்குள் தனித்தனித் தெரிவாக இருக்கின்றன. சரியானதைத் தொடுகிறோமா என்று பாருங்கள்.

விண்ணப்பத்தின் நிலையைக் காட்டுவதில் தளத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். குறிப்பு எண்ணைப் போட்டால் பிஎல்ஓ நியமனம், களச் சரிபார்ப்பு, ஏற்பு அல்லது நிராகரிப்பு என்று படிப்படியாகத் தெரியும். ஆட்சேபத்துக்கு ஏழு நாள் விட வேண்டும் என்பதால் ஒரே வாரத்தில் எதிர்பார்க்காதீர்கள். பூட்டிய வீடு, எடுக்காத போன் இரண்டும் நிராகரிப்புக்கு நேர்வழி. சந்தேகம் இருந்தால் 1950-க்கு அழைக்கலாம்.

இனி குறை. பெயர், பாகம் எண், வரிசை எண் எல்லாம் காட்டும் இந்தத் தளம் உங்கள் வார்டு எண்ணைச் சொல்லாது. உள்ளாட்சித் தேர்தல் அறிவித்ததும் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் தளத்திலோ நகராட்சி, ஒன்றிய அலுவலகத்தில் வைக்கும் வார்டுப் பட்டியலிலோ மறுபடி தேட வேண்டும். அங்கே பாகம் எண்ணும் வரிசை எண்ணும் வேறு, வாக்குச்சாவடியும் மாறலாம். சட்டமன்றத் தேர்தலில் போட்ட பள்ளிக்கூடத்துக்கே நேராகப் போய் நின்று திரும்பி வருபவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. பெயர் தவறான வார்டில் இருந்தால் வேட்புமனுத் தாக்கல் முடிவதற்குள் எழுதிக் கொடுங்கள். வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடியில் முறையிட்டுப் பயனில்லை. போட்டியிட நினைப்பவர்களும் முன்மொழிபவர்களும் இதை இன்னும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

வாக்களிப்பது எப்படி என்ற விஷயத்திலும் இந்தத் தளம் உள்ளாட்சிக்காரருக்கு உதவாது. நகரத்தில் வார்டு உறுப்பினருக்கு மட்டும் ஓர் ஓட்டு, இயந்திரத்தில். மேயரையும் நகராட்சி, பேரூராட்சித் தலைவரையும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராமத்தில் நான்கு ஓட்டு, காகிதச் சீட்டில். 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள், ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம். முதலில் சொன்ன தலைவருக்கும் கடைசியில் சொன்ன வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. சின்னத்தை மட்டும் நினைவில் வைத்துப் போகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். முத்திரை ஒரே கட்டத்துக்குள் விழ வேண்டும். மை காயாமல் மடித்தால் எதிர்ச் சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு கட்டத்தில் முத்திரை பதிந்தால் ஓட்டுச் செல்லாது. நோட்டாவைத் தேடாதீர்கள்; 2022 நகர்ப்புறத் தேர்தலில் இயந்திரத்தில் அந்தப் பொத்தானே இல்லை.